எடை மேடைக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7: புதிய பதிப்பை எந்தப் படியில் நின்று கட்டுவது?

கேள்வி: பாமணிக்கரை, மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம், கூத்தாநல்லூர் வட்டாரத்தில் உள்ள 11 அரவை ஆலைகளுக்கு எடைச் சீட்டும் இருப்புக் கணக்கும் போடும் மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். நெல் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றதும், எடைகாட்டும் கருவி சீரியல் போர்ட் வழியாக எண்ணை அனுப்பும். என் நிரல் அதைப் படித்து மொத்த எடை, காலி வண்டி எடை, நிகர எடை ஆகிய மூன்றையும் பதிந்துகொண்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டை அடித்துக் கொடுக்கும். சி ஷார்ப் மொழியில், அம்மொழி நிரல்களை விண்டோஸில் ஓட்டும் அடித்தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.5இன் மீது எழுதப்பட்டது. தரவு முழுவதும் பழைய எம்டிபி வகை ஆக்சஸ் கோப்பில் இருக்கிறது.

இந்த ஆலைகளில் ஏழில், எடை அறையில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 7. உரிமையாளர்கள் கஞ்சத்தனத்தால் அதை வைத்திருக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணினிகளின் பலகையிலேயே சீரியல் போர்ட் இருக்கிறது. இன்று கடையில் வாங்கும் கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது. யுஎஸ்பி மாற்றிக் கம்பியை இரண்டு ஆலைகளில் போட்டுப் பார்த்தோம். மோட்டார் ஓடும் நேரத்தில் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. வேறு இரண்டு ஆலைகளில், கூலிக் கணக்குக்காக டாஸ் காலத்து நிரல் ஒன்று இன்னும் ஓடுகிறது. 64 பிட் விண்டோஸில் அதைத் திறக்கவே முடியாது.

பழைய பதிப்பை அப்படியே விட்டுவிடலாம் என்றால் அதுவும் இயலவில்லை. 2022 ஜூலை 18 முதல், சிப்பமிட்டு அச்சு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தபோது, எல்லா ஆலைகளிலும் சில நாள்களுக்குள் கணக்கை மாற்ற வேண்டியிருந்தது. அத்தகைய மாற்றம் இனியும் வரும்; வரும்போது பழைய கணினிக்கும் புதிய கணினிக்கும் ஒரே நாளில்தான் வரும்.

ஆடி மாதத்தில் மென்பொருளை, ஃபிரேம்வொர்க்குக்குப் பின் வந்த புதிய வரிசையான டாட்நெட் 8க்கு மாற்றினேன். என் வீட்டிலுள்ள விண்டோஸ் 11இல் எல்லாம் சரியாக ஓடியது. புரட்டாசியில், குறுவை அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஓர் ஆலையில் நிறுவினேன். திறந்த உடனேயே, ஏதோ ஒரு டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பு) இல்லை என்ற செய்தியோடு நின்றுவிட்டது. பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி முடிக்கும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேலாக லாரிகள் சாலை வரை நின்றன. கார்பன் தாள் வைத்துக் கையால் சீட்டு எழுதினார்கள். சுமை இறக்க வந்தவர்களுக்கு அன்று கூலி நேரம் போனது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் கேட்க விரும்புவது இதுதான். விண்டோஸ் 7ஐக் கீழ்ப்படியாக, அதாவது மென்பொருள் ஓட வேண்டிய மிகப் பழைய பதிப்பாக, வைத்துக்கொண்டு டாட்நெட் ஃபிரேம்வொர்க்கிலேயே நின்றுவிடலாமா? பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு கிளைகளாகப் பராமரிக்கலாமா? அல்லது 2020 ஜனவரி 14 அன்றே ஆதரவு முடிந்த இயங்குதளத்தைக் கைவிடுங்கள் என்று ஆலைக்காரர்களிடம் சொல்வதுதான் முறையா? இவ்வாறு கட்டியவர்கள் இடறிய இடங்களையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: அரசலாறு, கும்பகோணம்

வணக்கம். பாத்திரக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில் என்பதால், இதே கேள்வியோடு நானும் பல முறை நின்றிருக்கிறேன்.

டாட்நெட் 8, விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்புக்குக் கீழே ஆதரிக்கப்படுவதில்லை. விண்டோஸ் 7ஐ முன்பு ஏற்றிருந்த டாட்நெட் 6க்கும் 2024 நவம்பரில் ஆதரவு முடிந்துவிட்டது. வேறு மொழிக்குப் போனால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். பைதான் 3.8, கோ 1.20, எலக்ட்ரான் 22, க்யூடி 5.15 ஆகியவையே அந்தந்த வரிசையில் விண்டோஸ் 7ஐத் தாங்கிய கடைசிப் பதிப்புகள். கருவி செய்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அந்தப் படியை விட்டு மேலேறிவிட்டார்கள்.

உங்கள் நிரல் ஏன் ஒரு வரிகூட ஓடாமல் நின்றது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். தனக்கு எந்தெந்த டிஎல்எல்லிலிருந்து எந்தெந்தச் செயற்கூறுகள் வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வோர் இஎக்ஸ்இ கோப்பின் உள்ளேயும் இருக்கும். விண்டோஸ் அந்தப் பட்டியலில் உள்ள அனைத்தையும் முதலில் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நிரலின் முதல் வரியைத் தொடுகிறது. ஒன்று கிடைக்காவிட்டாலும் நிரல் தொடங்காது. எடுத்துக்காட்டாக, நேரத்தை நுட்பமாகத் தரும் ‘கெட்சிஸ்டம்டைம்பிரிசைஸ்ஆஸ்ஃபைல்டைம்’ என்ற செயற்கூறு விண்டோஸ் 8இல்தான் வந்தது. நீங்கள் அதை அழைக்காவிட்டாலும், நீங்கள் சேர்த்த நூலகம் அதைக் கேட்டுவிட்டால் விண்டோஸ் 7இல் கதை அங்கேயே முடிந்துவிடும். பிழையைப் பிடிக்க நீங்கள் எழுதிவைத்த வரிகள் எதற்கும் அங்கே வேலையில்லை. ஏனெனில் அவை இன்னும் உயிர்பெறவே இல்லை.

சி++இல் எழுதுகிறவர்கள், விண்டோஸ் 7க்குரிய 0601 என்ற பதினறும எண்ணைத் தொகுப்பதற்கு முன்பே அறிவித்துவிட்டால், அதற்குப் பின்னால் வந்த செயற்கூறுகளைத் தொகுப்பியே மறுத்துவிடும். புதியது எதுவும் கட்டாயம் வேண்டுமென்றால், நிரல் ஓடும்போது ‘கெட்ப்ராக்அட்ரஸ்’ மூலம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் பயன்படுத்தி, இல்லாவிட்டால் பழைய வழியில் செய்யலாம். சி ஷார்ப்பில் நிலைமை இன்னும் கவலைக்குரியது என்பேன். அங்கே நாம் நேரடியாக அறிவிக்கும் விண்டோஸ் செயற்கூறுகள் முதல் முறை அழைக்கப்படும்போதுதான் தேடப்படுகின்றன. காலையில் நன்றாகத் திறந்து, நாள் முழுவதும் எடை போட்டுவிட்டு, மாலையில் இருப்புப் பட்டியலை அச்சிடும் பொத்தானை அழுத்தும்போது நிரல் விழக்கூடும். ஆகவே திறந்து பார்த்தால் போதாது. ஒவ்வொரு பொத்தானையும் கீழ்ப்படிக் கணினியில் அழுத்திப் பார்த்தாக வேண்டும்.

என் பரிந்துரை டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. அது விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1இல் நிறுவக்கூடியது. 2019 மே மாதப் பதிப்பு முதலான விண்டோஸ் 10இலும் விண்டோஸ் 11இலும் அது உடனுறைந்தே வருகிறது. தொகுக்கும்போது எக்ஸ்86, அதாவது 32 பிட், என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். எம்டிபி கோப்பைத் திறக்கும் ஜெட் 4.0 இயக்கி 32 பிட்டில் மட்டுமே உள்ளது. 64 பிட்டாக ஓடும் நிரல் கேட்டால் அப்படி ஒன்று பதிவாகவில்லை என்றுதான் பதில் வரும். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் என்றாலும் 32 பிட் நிரலை அது தயங்காமல் ஓட்டும். உங்கள் 11 ஆலைகளுக்கும் ஒரே கோப்பைக் கொடுக்க இதுவே வழி.

இரண்டு கிளைகள் வேண்டாம். நானும் வைத்திருந்தேன். வரி விகிதம் மாறிய ஒரு முறை, ஒரு கிளையில் திருத்தி மற்றதில் திருத்த மறந்து, ஒரு கடையின் ஒரு மாதப் பட்டியல்களைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். எடைக் கணக்கு, வரி, சீட்டின் அமைப்பு ஆகியவற்றை மட்டும் டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0 நூலகமாகப் பிரித்து எழுதினால், அதே நூலகத்தை இன்று 4.8உம் நாளை டாட்நெட் 8உம் எடுத்துக்கொள்ளும். 4.8இல் இயல்பாகக் கிடைப்பது சி ஷார்ப் 7.3 என்பதால் புதிய எழுத்துமுறைகள் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எடைச் சீட்டுக்கு அவை தேவைப்படா.

நிறுவும்போது ஒரு தடை வரலாம். பல ஆண்டுகளாக இணையம் காணாத விண்டோஸ் 7இல், சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று 4.8இன் நிறுவி மறுக்கும். மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டு மூலச் சான்றிதழை முதலில் சேர்க்க வேண்டும். எஸ்எச்ஏ-2 என்ற புதிய வகை மின்கையொப்பத்தைப் புரிந்துகொள்வதற்கான கேபி 4474419 என்ற மேம்படுத்தலையும் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.


பதில் 2: ஓடம்போக்கி, திருவாரூர்

ஐயா, நான் நிரல் எழுதுபவன் அல்லன். ஓர் அரவை ஆலையில் கணக்கர். பயன்படுத்துகிறவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

புதிய பதிப்பைக் கொண்டுவரும் காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை நெல் வரும். தையிலும் மாசியிலும் சம்பா, அதை ஒட்டித் தாளடி. அந்த மாதங்களில் எடை அறைக் கணினியைத் தொடவே கூடாது. பங்குனிக்குப் பிறகு, மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்து, நாற்று விட்டு, நடவு முடியும் ஆடி வரை எங்களுக்குச் சற்று ஓய்வு உண்டு. பருவத்தின் நடுவே வரி மாறினால் வேறு வழியில்லை. அப்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுங்கள், அதனோடு சேர்த்துத் திரையை அழகுபடுத்த வேண்டாம்.

அடுத்ததாக, பழைய பதிப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துச் செல்லுங்கள். ஆனால் அது மட்டும் போதாது என்பதை எங்கள் ஆலையில் பட்டுத் தெரிந்துகொண்டோம். புதிய பதிப்பு தரவுக் கோப்பை மாற்றி எழுதிவிட்டதால், பழையதைத் திறந்தபோது அன்றைய பதிவுகளை அது படிக்க மறுத்தது. பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் காலையில் போட்ட சீட்டுகள் கண்ணில் தெரிய வேண்டும்.

கணினியை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் முதலாளி புதிய கணினி வாங்கித்தான் இருக்கிறார். அது அலுவலக அறையில், இணைய இணைப்போடு இருக்கிறது. எடை அறையில் உமித் தூசியும் வெக்கையும் அதிகம். அங்கே புதிதை வைக்க யாருக்கும் மனம் வராது. எடை எடுத்துச் சீட்டு அடிக்க அந்தப் பழைய கணினியே எங்களுக்குப் போதுமானது. உங்கள் மென்பொருள் அங்கே இணையத்தைத் தேடாமல் இருந்தால் போதும்.


பாமணிக்கரை, மன்னார்குடி

இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் நிரலைத் திரும்பப் பார்த்தேன். அட்டவணையில் பதிவு சேர்க்கும் கட்டளையில் புலங்களின் பெயரைக் குறிப்பிடாமல் மதிப்புகளை மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் ஒரு புலத்தைச் சேர்த்த மறுகணமே பழைய பதிப்பின் கட்டளை பிழையாகிவிடும். இனி எந்தப் புலத்தையும் நீக்கவோ பெயர் மாற்றவோ செய்யாமல் புதியவற்றைத் தனி அட்டவணையில் வைப்பதென்று முடிவுசெய்திருக்கிறேன்.

4.8க்கு மாற்றித் தொகுத்து, மெய்நிகர் கணினியில் 32 பிட் விண்டோஸ் 7 வைத்துச் சோதித்தேன், திறக்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் இரண்டு குறைகள் தெரிகின்றன. விண்டோஸ் 11இல் கட்டத்துக்குள் அடங்கிய தலைப்புகள் இங்கே வெளியே வழிகின்றன. ரூபாய்க் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் வருகிறது. இதனோடு மற்றொன்று: லாரி உரிமையாளரின் கைப்பேசிக்கு எடை விவரத்தை அனுப்ப வேண்டும் என்று இரண்டு ஆலைகளில் கேட்கிறார்கள். விண்டோஸ் 7இலிருந்து அந்தச் சேவையை அழைத்தால் பாதுகாப்பு இணைப்பு அமையவில்லை என்ற பிழை வருகிறது.


பதில் 3: வெண்ணாறு, தஞ்சாவூர்

அச்சகங்களுக்கு நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் எழுத்துருவைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நீங்கள் நிர்மலா யுஐ எழுத்துருவைக் குறிப்பிட்டிருப்பீர்கள். அது விண்டோஸ் 8இல் வந்தது. 7இல் லதாவும் விஜயாவும்தான் உண்டு. லதாவையே குறிப்பிட்டுவிடலாமே என்றால், விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருக்களாகத் தனியே பிரிக்கப்பட்டுவிட்டன. கணினியில் தமிழ் மொழியைச் சேர்த்தாலொழிய அவை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே இயங்குதளம் தரும் தமிழ் எழுத்துருவை நம்பி, இரண்டு காலத்துக்கும் பொதுவாகக் கட்டங்களை அளக்க முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, கட்டற்ற உரிமத்தில் உள்ள எழுத்துரு ஒன்றை உங்கள் மென்பொருளோடு சேர்த்தே கொடுத்து, உங்கள் நிரலுக்கு மட்டும் தனியாக ஏற்றிக்கொள்ளுங்கள். தடிமனை நெகிழ்த்தக்கூடிய புதுவகைக் கோப்பை எடுக்காமல், நிலையான சாதாரண டிடிஎஃப் கோப்பை எடுக்க வேண்டும். பழைய விண்டோஸுக்குப் புதுவகை புரியாது. கட்டத்தின் அகலத்தை எண்ணாக எழுதிவைக்காமல், எழுத்தின் அகலத்தை அளந்து அமைப்பதும் நல்லது. தமிழ்ச் சொல் நீளமானது என்பதை ஆங்கிலத்துக்கு வரைந்த திரைகள் ஒருபோதும் நினைவில் கொள்வதில்லை.

ரூபாய்க் குறிக்குக் காரணம் எளியது. விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபரில்; அந்தக் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில். யூனிகோடில் அது சேர்ந்தது அதற்கும் பிறகு. பின்னாளில் வந்த மேம்படுத்தலைப் பெறாத கணினியில் அது இருக்க வழியில்லை. ‘ரூ.’ என்று எழுதிவிடுங்கள். எல்லாக் கணினியிலும் எல்லாப் பிரிண்டரிலும் வரும். டாட் மேட்ரிக்ஸில் தமிழைப் படமாக அனுப்பினால் ஒரு சீட்டுக்கு ஆகும் நேரம் கூடிவிடும். தமிழ்த் தலைப்புகளைத் தாளிலேயே முன்கூட்டி அச்சடித்து வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் பிரிண்டரின் சொந்த எழுத்தில் அனுப்புவதே எங்கள் பகுதியில் நெடுநாளாக உள்ள வழக்கம்; அதை மாற்றக் காரணம் எதையும் நான் காணவில்லை.

கைப்பேசிச் செய்தியைப் பற்றி. விண்டோஸ் 7க்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு இணைப்பு முறை தெரியும், ஆனால் இயல்பாக அதைப் பயன்படுத்தாது. கேபி 3140245 என்ற மேம்படுத்தலைப் போட்டு, ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் விண்டோஸின் சொந்த இணைப்பு வழி சரியாகும், 4.8இல் நிரலுக்குள்ளேயே டிஎல்எஸ் 1.2 என்று குறிப்பிடவும் முடியும். முடியும் என்பதற்காகச் செய்யலாமா என்பதுதான் கேள்வி. 2020க்குப் பிறகு பொதுவாகப் பாதுகாப்புத் திருத்தம் பெறாத ஒரு கணினியை, ஆலையின் முழு எடைக் கணக்கையும் தாங்கியிருக்கும் அந்த ஒன்றை, இணையத்தின் முன் நிறுத்துவதற்கு நான் உடன்பட மாட்டேன். திருவாரூர்க் கணக்கர் ஐயா விடையை ஏற்கெனவே சொல்லிவிட்டார். எடை அறையில் சிறிய நிரல்: எடையைப் படிக்கும், பதியும், சீட்டு அடிக்கும், அவ்வளவுதான். செய்தி அனுப்புவது, வரி அறிக்கை தயாரிப்பது ஆகியவை அலுவலகக் கணினியில் ஓடும் வேறொரு நிரலுக்கு உரியவை. அதை டாட்நெட் 8இல் எழுதுங்கள், எந்தத் தடையும் இல்லை. நண்பர் அரசலாறு சொன்ன பொது நூலகம் இரண்டுக்கும் பயன்படும். அவர் வேண்டாம் என்றது ஒரே வேலைக்கு இரண்டு கிளைகளை. இது இரண்டு வேலைக்கு இரண்டு நிரல்.

இரண்டுக்கும் இடையே, இணைய வழி இல்லாத உள்வலைக் கம்பி ஒன்று போதும். எடை நிரல் ஒவ்வொரு சீட்டையும் ஒரு சிறு உரைக் கோப்பாகப் பகிர்ந்த கோப்புறையில் எழுதிவைக்க, அலுவலக நிரல் அதை எடுத்துக்கொள்ளட்டும். தரவுத்தளக் கோப்பையே வலைவழி இருவரும் திறக்க வேண்டாம். மின்சாரம் போகும் ஒரு நொடியில் கோப்பு கெட்டுவிடும். விண்டோஸ் 7க்கும் 11க்கும் இடையே கோப்புப் பகிர்வு இயல்பாகவே நடக்கும். எக்ஸ்பியாக இருந்தால் நடக்காது. அதற்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டுமே, அதை விண்டோஸ் 10 தன் 1709ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகச் சேர்ப்பதில்லை. டாட்நெட் ஃபிரேம்வொர்க்கும் எக்ஸ்பிக்கு 4.0 என்ற வரிசையோடு நின்றுவிட்டது. ஆகவே எக்ஸ்பியோடு யாராவது வந்தால், கணினியை மாற்றச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். 7இல் நிற்பதற்கு உங்களிடம் நியாயம் இருக்கிறது.


பதில் 1ஐத் தொடர்ந்து: அரசலாறு, கும்பகோணம்

தஞ்சாவூர் நண்பர் பிரித்த விதம் சரியானது. என் பதிலில் அந்தக் கோணம் விடுபட்டுவிட்டது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மற்ற நான்கு ஆலைகளில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்துவிட்டது. அவற்றையும் எடை அறையில் இதே முறையில் நடத்துங்கள். மெய்நிகர் கணினியில் சீரியல் போர்ட் ஒழுங்காக நடந்துகொள்வது மெய்யான கம்பியைப் பற்றி எதையும் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். பழைய பெட்டி ஒன்றை வாங்கி உங்கள் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.


பாமணிக்கரை, மன்னார்குடி

கார்த்திகை பிறந்த பிறகு எழுதுகிறேன். எடை நிரலைத் தனியாகப் பிரித்து 4.8இல் முடித்துவிட்டேன். நீடாமங்கலத்தில் பழைய கணினி ஒன்று கிடைத்தது, பலகையிலேயே சீரியல் போர்ட் உள்ளது. ஆலை ஒன்றிலிருந்து, உதிரியாக வைத்திருந்த எடைகாட்டும் கருவியை இரண்டு வாரத்துக்கு இரவல் பெற்று, வீட்டு மேசையில் இணைத்து 9600 வேகத்தில் இரவு பகலாக ஓடவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பிழை அகப்பட்டது: கருவி எண்ணை இரண்டு துண்டாக அனுப்பும்போது, பழைய கணினியின் மெதுவான வேகத்தில் என் நிரல் முதல் துண்டையே முழு எடையாக எடுத்துக்கொண்டது. வரியின் முடிவுக்குறி வரும் வரை காத்திருக்குமாறு திருத்தியிருக்கிறேன். விண்டோஸ் 11 கணினியில் இது ஒரு முறையும் நேரவில்லை.

சம்பா அறுவடைக்கு முன் ஓர் ஆலையில் மட்டும், பழைய பதிப்பையும் பக்கத்தில் வைத்து, நிறுவப் போகிறேன். மற்ற பத்தும் பங்குனிக்குப் பிறகுதான். கணக்கர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: எந்தப் பதிப்பில் அடித்த சீட்டு என்பது தெரியும்படி அடியில் சிறிதாகப் பதிப்பு எண்ணை அச்சிட எண்ணுகிறேன். முன் அச்சிட்ட தாளில், கையொப்பத்துக்குக் கீழே அதற்கு இடம் இருக்கிறதா?


ஓடம்போக்கி, திருவாரூர்

ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, ஐயா. இடது ஓரத்தில் போடுங்கள். வலது ஓரத்தில் லாரி ஓட்டுநர் கையொப்பம் இடுவார்.